ஒரே நாள்ல மூணு கிரேக்கக் கோயிலா? – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

உங்க பயணக் குறிப்புகள ரொம்ப நாளா படிச்சிட்டு வர்றேன், எழுதறது இதான் ஃபர்ஸ்ட் டைம். நான் ஜெர்மனில வேலை பாக்கறேன். வர்ற ஏப்ரல்ல அப்பாவும் அம்மாவும் ஊர்லேர்ந்து வர்றாங்க, அவங்கள இத்தாலில இருக்கற சிசிலித் தீவுக்கு கூட்டிட்டுப் போறதா இருக்கேன், பலேர்மோல நாலு நைட் ரூம் போட்டாச்சு. அதுல ஒரு நாள் பழைய கிரேக்கக் கோயில்களப் பாக்கலாம்னு டிரைவரோட தனி கார் விசாரிச்சேன். காலைல ஏழரைக்கு ஹோட்டல் வாசல்ல ஏத்திக்கிட்டு செஜெஸ்தா, செலினுந்தே, அக்ரிஜெந்தோ மூணையும் காட்டிட்டு ராத்திரி எட்டுக்கு கொண்டு விட்டுடுவோம்ங்கறாங்க. காசு கொஞ்சம் ஜாஸ்திதான், ஆனா அப்பாவுக்கு வயசு 71, அம்மாவுக்கு முட்டி வலி, பஸ் மாறி மாறிப் போக முடியாது, அதனால பரவால்லன்னு நெனைக்கிறேன்.

பிரச்சனை என்னன்னா அப்பா. "உள்ள சாமி இல்ல, மேல கூரை இல்ல, உடைஞ்சு கெடக்கற கல்லப் பாக்க ஒரு நாள் பூரா கார்ல உக்காரணுமா?"ங்கறார். அவர் பொதுப்பணித்துறையில ஓவர்சியரா இருந்து ரிட்டையர் ஆனவர், கோயிலுக்கெல்லாம் போவார், ஆனா இது அவருக்குப் புரியல. மூணையும் பாத்துடலாமா, இல்ல ஒண்ணு போதுமா? ஒண்ணுன்னா எது? அக்ரிஜெந்தோதான் பெஸ்ட்னு எல்லாரும் சொல்றாங்க. செருப்பக் கழட்டணுமான்னு அம்மா கேக்கறாங்க (சிரிக்காதீங்க).

(பேர் போட வேண்டாம்)

---

அன்புள்ள தம்பி,

சிரிக்கல. அம்மா கேட்டது நல்ல கேள்வி, அதுக்கு கடைசில வர்றேன். செருப்பு போட்டுக்கிட்டே போகலாம்ங்கறத மட்டும் இப்பவே சொல்லிடறேன், செருப்பு கூட இல்ல, நல்லா புடிமானம் இருக்கற ஷூ, ஏன்னா எல்லா எடமும் மேடும் பள்ளமும் சரளைக் கல்லும்தான்.

மூணு வேண்டாம். இத நான் புத்திசாலித்தனமா சொல்லல, பட்டதச் சொல்றேன். நான் மொத தடவை போனப்ப இதே பிளான்தான், ரெண்டு குடும்பமா சேந்து ஒரு வேன் எடுத்தோம், காலைல கெளம்பறப்ப எல்லாரும் சந்தோஷமா இருந்தோம், செஜெஸ்தால மலை மேல இருக்கற தியேட்டருக்குப் போலாமான்னு கேட்டதுக்கு டிரைவர் வாட்சக் காட்டினார், செலினுந்தேல நாப்பது நிமிஷம்னார், அங்க ஒரு கோயிலுக்கும் இன்னொரு கோயிலுக்கும் நடுவுல நடக்கவே அந்த நாப்பது நிமிஷம் சரியாப் போச்சு, அப்பறம் அவருக்குத் தெரிஞ்ச ஒரு ஹோட்டல்ல சாப்பாடு, அது மட்டும் ஒன்றரை மணி நேரம், கடைசில அக்ரிஜெந்தோ போய் எறங்கினா வெயில் அடிச்சு பசங்க தூங்கி விழறாங்க, நாங்க ஒரு கோயில் முன்னாடி நின்னு போட்டோ எடுத்துக்கிட்டு வந்துட்டோம். ராத்திரி ரூம்ல போட்டோவப் பாக்கறப்ப எது எந்தக் கோயில்னு எங்களுக்கே தகராறு. டிரைவரக் குத்தம் சொல்லிப் புண்ணியமில்ல, மூணு எடத்த ஒரு நாள்ல அடைச்சா யார் ஓட்டினாலும் அப்படித்தான் ஆகும். பலேர்மோலேர்ந்து செஜெஸ்தா சுமார் 75 கிலோமீட்டர், அங்கேர்ந்து செலினுந்தே ஒரு 60, அதுலேர்ந்து அக்ரிஜெந்தோ கிட்டத்தட்ட 100, திரும்பி பலேர்மோ இன்னொரு 130. கார்லயே அஞ்சரை மணி நேரத்துக்கு மேல போயிடும், அம்மாவோட முட்டி என்ன ஆகும்னு பாத்துக்குங்க.

அக்ரிஜெந்தோதான் பெஸ்ட்னு சொல்றவங்க தப்பா சொல்லல. அங்க கொன்கோர்தியா கோயில்னு ஒண்ணு இருக்கு, கி.மு. 430 வாக்குல கட்டினது, 34 தூணும் அப்படியே நிக்குது, உலகத்துல முழுசா மிஞ்சின கிரேக்கக் கோயில்ல அதுவும் ஒண்ணு, மிஞ்சினதுக்குக் காரணம் 6ஆம் நூற்றாண்டு கடைசில அத சர்ச்சா மாத்திட்டாங்க, உள் சுவத்துல வளைவு வளைவா வெட்டினது இன்னிக்கும் தெரியும். (கொன்கோர்தியாங்கறது அந்தக் கோயிலோட பேரே இல்ல, பக்கத்துல கெடச்ச ஒரு லத்தீன் கல்வெட்ட வெச்சு ஒரு பாதிரியார் 16ஆம் நூற்றாண்டுல வெச்ச பேரு, யாருக்குக் கட்டினதுன்னு யாருக்கும் தெரியாது.) கண்டிப்பா பாக்கணும், ஆனா தனி கார் வேணாம். பலேர்மோலேர்ந்து ரயில் இருக்கு, ரெண்டு மணி நேரம், ஸ்டேஷன்லேர்ந்து டாக்ஸி புடிச்சு மேல் கேட்ல எறங்குங்க, ஹீரா கோயில்கிட்ட. அங்கேர்ந்து எறக்கமா நடந்து கீழ் கேட் வழியா வெளிய வந்துடலாம், முட்டி வலிக்காரங்களுக்கு இந்தத் திசைதான் சரி, எதிர்த் திசைல போனா முழுக்க ஏத்தம். நாலு நைட் இருக்கே, அதுக்குத் தனியா ஒரு நாள் போட்டுக்கலாம்.

தனி கார்க் காச எங்க செலவழிக்கணும்னா, பஸ்ஸோ ரயிலோ உருப்படியா போகாத எடத்துல. அப்பா மாதிரி ஒருத்தரக் கூட்டிட்டுப் போறப்ப நான் சொல்ற ரூட் இது: செஜெஸ்தா, அப்பறம் கூசா, அப்பறம் செலினுந்தே. நடுவுல சொன்னேனே கூசா, அது கோயில் இல்ல, கல் குவாரி. உங்க லிஸ்ட்ல இல்ல, கார்க்காரங்க லிஸ்ட்லயும் இருக்காது, கேட்டா "அங்க ஒண்ணும் இல்லையே"ன்னுதான் சொல்வாங்க. அங்க போகத்தான் கார்.

ஏன் இந்த வரிசைன்னு கேட்டா, இந்த மூணு எடமும் ஒரே சண்டையோட மூணு கட்டம். செஜெஸ்தாவும் செலினுந்தேவும் (அப்ப பேரு செலினுஸ்) பக்கத்துப் பக்கத்து ஊரு, எல்லை ஒட்டின ஊரு. செலினுஸ் கிரேக்கக் குடியேற்றம், கி.மு. 7ஆம் நூற்றாண்டுல வந்தவங்க. செஜெஸ்தாக்காரங்க கிரேக்கர் இல்ல, எலிமியர்னு ஒரு இனம், டிராய்லேர்ந்து தப்பி வந்தவங்கன்னு அந்தக் காலத்து கிரேக்க வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் எழுதி வெச்சிருக்கார். ரெண்டு ஊருக்கும் எதுக்குச் சண்டைன்னும் அவரே சொல்றார், ரெண்டே காரணம்: கல்யாண உறவு சம்பந்தமா ஏதோ ஒண்ணு, அப்பறம் தகராறுல இருந்த நெலம். சம்பந்தித் தகராறும் வரப்புத் தகராறும். நம்ம பஞ்சாயத்துல பாதி கேஸ் அதான். ஆனா இந்த வரப்புத் தகராறு போய் முடிஞ்ச எடம் இருக்கே, அது ஏதென்ஸையே சாச்சிடுச்சு.

செலினுஸ் பெரிய ஊரு, பணக்கார ஊரு, அதுக்கு சிரக்யூஸோட (சிசிலிலயே இருந்த பெரிய கிரேக்க ஊரு) சப்போர்ட். செஜெஸ்தா தனியா சமாளிக்க முடியாம ஏதென்ஸ்கிட்ட ஆள் அனுப்பிச்சு, வாங்க, செலவ நாங்க பாத்துக்கறோம், எங்ககிட்ட காசு இருக்குன்னு. ஏதென்ஸ்காரங்க சும்மா நம்பல, நேர்ல பாத்துட்டு வரச்சொல்லி தூதர்கள அனுப்பினாங்க. இவங்க என்ன பண்ணாங்கன்னா, எரிக்ஸ் மலை மேல இருந்த ஆஃப்ரடைட்டி கோயிலுக்குக் கூட்டிட்டுப் போய் வெள்ளிக் கிண்ணம், கரண்டி, சாம்பிராணித் தட்டெல்லாம் காட்டினாங்க, வெள்ளிங்கறதால பாக்கறதுக்கு பெரிய சொத்து மாதிரி தெரியும், வெலை அவ்ளோ இல்ல. அப்பறம் ஒவ்வொரு வீட்டுலயும் விருந்து. எந்த வீட்டுக்குப் போனாலும் தங்கத் தம்ளர், வெள்ளித் தம்ளர். ஊர்ல இருந்ததெல்லாம் ஒண்ணா சேத்து, பத்தாததுக்கு அக்கம்பக்கத்து ஊர்லயும் எரவல் வாங்கி, அதே செட்ட வீடு வீடா சுத்த விட்டிருக்காங்க, விருந்துக்கு வந்தவங்க ஊரே இப்படித்தான் இருக்கும்போலன்னு வாயப் பொளந்துட்டு போய் ஏதென்ஸ்ல சொல்லிட்டாங்க. பொண்ணு பாக்க வர்ற அன்னிக்கு பக்கத்து வீட்டு சோஃபாவ எரவல் வாங்கிப் போடற கதைதான், கொஞ்சம் பெரிய லெவல்ல.

மொதல்ல 60 டேலன்ட் (அந்தக் காலத்து எடைக் கணக்கு) வெள்ளியக் கொண்டு போய் வெச்சு, 60 கப்பலுக்கு ஒரு மாச சம்பளம்னு ஆசை காட்டினவங்கதான். கி.மு. 415ல ஏதென்ஸ் கப்பல் படை கெளம்பி வந்து, மூணு கப்பல முன்னாடி அனுப்பிப் பாத்தா, மிச்சம் இருந்தது மொத்தமே 30 டேலன்ட். அதுக்குள்ள திரும்பிப் போக முடியாத தூரம் வந்தாச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு, 413ல, சிரக்யூஸ்ல அந்தப் படை மொத்தமா அழிஞ்சது, மாட்டினவங்க ஏழாயிரம் பேருக்குக் கொறையாம கல் குவாரில தள்ளி வெச்சாங்க, நாளைக்கு ஒரு சின்னக் கிண்ணம் தண்ணியும் ரெண்டு கிண்ணம் தானியமும், எட்டு மாசம். ஏதென்ஸ் அதுக்கப்பறம் பழைய ஏதென்ஸா எழுந்திரிக்கவே இல்ல.

இந்தக் கதைய கார்லயே அப்பாவுக்கு சொல்லிடுங்க, பலேர்மோலேர்ந்து செஜெஸ்தா ஒரு மணி நேரம், கதை சரியா முடியும். டிரைவர் சொல்வார்னு எதிர்பாக்காதீங்க. இத்தாலில கார் ஓட்டறதுக்கு ஒரு லைசென்ஸ், சைட்டுக்குள்ள வந்து விளக்கம் சொல்றதுக்கு வேற லைசென்ஸ், டிரைவர் கேட்டோட நின்னுப்பார். கைடும் வரும்னு யாராவது சொன்னா அது தனி ஆளா, காசு தனியான்னு கேட்டுக்குங்க.

சரி, செஜெஸ்தா. கார எங்க நிறுத்தினாலும் கோயில் தெரியும், தனியா ஒரு மேட்டு மேல, சுத்தி வேற கட்டடமே இல்ல, பின்னாடி ஒரு பள்ளத்தாக்கு, ஏப்ரல்ல போறீங்க, பச்சையும் காட்டுப் பூவுமா இருக்கும். 36 தூண், முன்னாடி ஆறு, பக்கவாட்டுல பதினாலு, எல்லாமே நிக்குது, மேல உத்தரமும் முக்கோண முகப்பும் கூட அப்படியே. மொதப் பார்வைக்கு முழுசா இருக்கற கோயில், கூரை மட்டும் விழுந்துடுச்சுபோலன்னு தோணும். இங்கதான் அப்பாவ ஒரு பத்து நிமிஷம் தனியா விடணும். அவரே கண்டுபுடிப்பார்னு நான் பந்தயம் கட்டறேன்: கூரை விழல, கூரை போடவே இல்ல. வேலை பாதில நின்னு போன சைட் அது.

தூணப் பாருங்க, வழவழன்னு இருக்கும். கிரேக்கத் தூண்ல மேலேர்ந்து கீழ வரைக்கும் நெடுக வரிப்பள்ளம் ஓடுமில்ல, அது இதுல இல்ல. அத முன்னாடியே செதுக்கினா தூக்கி வெக்கறப்ப விளிம்பு உடைஞ்சிடும்ங்கறதுக்காக தூண நிறுத்தினதுக்கப்பறம்தான் செதுக்குவாங்க, அந்தக் கட்டம் வரவேயில்ல. அப்பறம் குனிஞ்சு படிக்கட்டுக் கல்லப் பாருங்க, ஒவ்வொரு கல்லுலயும் முண்டு முண்டா நீட்டிக்கிட்டிருக்கும். கல்லத் தூக்கி நகத்தறதுக்கு புடிமானமா விட்ட முண்டு, கடைசி ஃபினிஷிங்ல தட்டி எடுத்துடணும், எடுக்கல. முப்பது வருஷம் மேஸ்திரிகளோட மல்லுக்கு நின்ன ஓவர்சியருக்கு அத விட வேற என்ன வேணும்? நான் ரெண்டாவது தடவை போனப்பதான் அந்த முண்டு என் கண்ணுல பட்டுது, மொத தடவை போட்டோ எடுக்கறதுல மும்முரம். உள்ள கருவறையும் கட்டி முடிக்கல. இது கி.மு. 420கள்ல நடந்த வேலை, அதாவது ஏதென்ஸ்காரங்கள மயக்கிட்டிருந்த அதே காலகட்டம், அந்த தூதர்கள் கண்ணுக்குக் காட்டறதுக்காகவே இத அவசரமா எழுப்பினாங்கன்னு ஒரு கருத்து உண்டு, ஆராய்ச்சிக்காரங்க எல்லாரும் ஒத்துக்கறதில்ல, எனக்கென்னவோ எரவல் தம்ளர் கதையப் படிச்சதுக்கப்பறம் அத நம்பத்தான் ஆசையா இருக்கு.

மேல தியேட்டருக்கு ஷட்டில் பஸ் போகும், அம்மா நடக்க வேண்டாம், டிக்கெட் எடுக்கறப்பவே அதுக்கும் கேட்டு வாங்கிடுங்க. சுமார் 400 மீட்டர் உசரம், உக்காந்தா தூரத்துல கடல் தெரியும், காத்து அள்ளும், சால்வை எடுத்துக்குங்க.

அங்கேர்ந்து தெக்க எறங்கி காம்போபெல்லோ தி மஸாரான்னு ஒரு ஊரு, அதத் தாண்டி கூசா. ஒரு மணி நேரம் ஆகும். தெறந்திருக்கற நேரம் அப்பப்ப மாறும், முந்தின நாளே ஹோட்டல்ல சொல்லி போன் பண்ணிக் கேட்டுடுங்க. உள்ள போனா ஆலிவ் மரம், புல்லு, காட்டுச் செடி, நடுவுல பாறை. முதல்ல ஒண்ணும் புரியாது, கார்க்காரர் சொன்னது சரிதானோன்னு தோணும். ஒரு அம்பது அடி நடந்ததும் தரையிலேர்ந்து பெரிய பெரிய உரல் மாதிரி எழும்பி நிக்கும். தூணோட துண்டுகள். கிரேக்கத் தூண் ஒரே கல்லு இல்ல, உருளை உருளையா வெட்டி ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கறது. அந்த உருளைய இங்க பாறையிலேர்ந்து வெட்டற விதம் எப்படின்னா, பாறை மேல ஒரு வட்டம் போட்டு, வட்டத்தச் சுத்தி ஒரு ஆள் எறங்கி நிக்கற அகலத்துக்குப் பள்ளம் தோண்டிக்கிட்டே கீழ போறது, தேவையான உசரம் வந்ததும் அடில வெட்டிப் பெயர்க்கறது. இது எல்லா ஸ்டேஜுலயும் அங்க இருக்கு. வெறும் வட்டம் மட்டும் கீறினது இருக்கு. பாதி தோண்டினது இருக்கு. முழுசா தோண்டி அடி மட்டும் ஒட்டிக்கிட்டிருக்கறது இருக்கு. பெயர்த்து எடுத்து செலினுஸ் போற வழில உருட்டி விட்டது, அங்கயே கெடக்கறது, அதுவும் இருக்கு. பள்ளத்துச் சுவத்துல உளி பட்ட கோடு, கோடு கோடா, நேத்து வெட்டின மாதிரி.

எல்லாரும் வேலைய ஒரே நாள்ல விட்டுட்டுப் போனாங்க. கி.மு. 409. ஏதென்ஸ் தோத்துப் போச்சு, செஜெஸ்தா இந்தத் தடவை கார்த்தேஜக் கூப்பிட்டுது, ஆப்பிரிக்காக் கரையிலேர்ந்து ஹானிபால் படையோட வந்தான் (யானையோட ஆல்ப்ஸ் தாண்டினவன் இல்ல, அவனுக்கு ரெண்டு நூற்றாண்டு முந்தினவன், அந்தப் பேர் அவங்க ஊர்ல நம்ம முருகன் மாதிரி). செலினுஸ் ஒம்பது நாள்ல விழுந்துது. 16,000 பேர் செத்தாங்க, 5,000 பேர் அடிமை, தப்பி ஓடி அக்ரிஜெந்தோ போய்ச் சேந்தது 2,600ன்னு டயோடோரஸ்ங்கற பழைய வரலாற்றாசிரியர் கணக்கு சொல்றார். குவாரில உளியக் கீழ போட்டவங்கள்ல யார் எந்தக் கணக்குல போனாங்கன்னு தெரியாது. அந்த உருளைகளுக்கு மட்டும் இன்னும் ஆர்டர் பாக்கி.

நான் அங்க கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம் இருந்தேன், வேற ஒரு ஆள் வரல. ஒரு பாதி வெட்டின பள்ளத்துக்குள்ள எறங்கி நின்னு பாத்தேன், தோள் ரெண்டு பக்கமும் உரசுச்சு, வேலை பண்ணவன் என்ன விட ஒல்லியா இருந்திருக்கணும், இல்லன்னா சைடு வாட்டமா நின்னு வெட்டியிருக்கணும். மூணு கோயில் பிளான்ல இதுக்கு எடமே கெடையாது, இதுக்குத்தான் சொல்றேன், அந்தக் காச இங்க போடுங்கன்னு.

அப்பறம் சாப்பாடு. இருபது நிமிஷம் ஓட்டினா செலினுந்தே ஒட்டி மரினெல்லான்னு கடற்கரை ஊரு. மீன் சாப்பிடறவங்களா இருந்தா மத்தி மீன் கேளுங்க. அம்மா சைவம்னா பயப்பட வேண்டாம், அந்தப் பக்கத்துல காஸ்தெல்வெத்ரானோ கறுப்பு ரொட்டி ஃபேமஸ், அத ரெண்டா வெட்டி ஆலிவ் எண்ணெய் ஊத்தி தக்காளி, சீஸ், காஞ்ச ஓரிகானோ வெச்சுத் தருவாங்க, நெத்திலி வெப்பாங்க, அது மட்டும் வேண்டாம்னு முன்னாடியே சொல்லிடணும். டிரைவர் வேற எங்கயாவது கூட்டிட்டுப் போறேன்னா, கனிவா, உறுதியா, வேண்டாம்னு சொல்லுங்க. (பலேர்மோல பனெல்லேன்னு ஒண்ணு கெடைக்கும், கடலை மாவ வேக வெச்சு தட்டி எண்ணெய்ல பொரிச்சது, அம்மா அதச் சாப்பிட்டா பஜ்ஜிக்கு சொந்தக்காரங்கன்னு சொல்லிடுவாங்க.)

செலினுந்தேக்கு மூணு மணி வாக்குல உள்ள போங்க. எடம் ரொம்பப் பெரிசு, சுமார் 270 ஹெக்டேர், உள்ளயே பேட்டரி வண்டி ஓடும், அம்மாவுக்கு அதுல டிக்கெட் எடுத்துடுங்க, கஞ்சத்தனம் பண்ணாதீங்க. கோயிலுக்கெல்லாம் பேர் இல்ல, ஏ, பி, சி, டின்னு எழுத்துதான், எது எந்த சாமிக்குன்னு உறுதியா தெரியாததால. ஈ கோயில் நிமிந்து நிக்கும், அது நிலநடுக்கத்துல விழுந்து கெடந்தத 1950கள்ல தூக்கி நிறுத்தினது, அப்படி நிறுத்தினது சரியான்னு இன்னிக்கும் வாதம் நடக்குது, அப்பா ஒரு கட்சி எடுப்பார். நான் போனப்ப படியேறி உள்ள நடக்க விட்டாங்க. ஆனா கூசாலேர்ந்து வர்றவங்க மொதல்ல போக வேண்டியது ஜி கோயில். அது கல் குவியல். அவ்ளோதான், மலை மாதிரி ஒரு குவியல், அதுல ஒரே ஒரு தூண் மட்டும் நிக்கும், அந்த ஊர்க்காரங்க அத கிழவியோட நூல் நூக்கற கதிர்னு சொல்வாங்க. கூசால பாறையோட ஒட்டிக்கிட்டு நின்ன உருளைகள் இங்க வர வேண்டியது. கிரேக்க உலகத்துலயே பெரிய கோயில்கள்ல ஒண்ணா எழும்பியிருக்க வேண்டியது, கி.மு. 530 வாக்குல ஆரம்பிச்சு 409ல படை வர்ற வரைக்கும், நூறு வருஷத்துக்கு மேல கட்டிக்கிட்டே இருந்திருக்காங்க, முடியல. குவியல்ல தேடினா வரிப்பள்ளம் போட்ட உருளையும் இருக்கும், போடாத உருளையும் இருக்கும், காலைல செஜெஸ்தால பாத்த அதே பாதி வேலை. தகராறுல எதிரெதிரா நின்ன ரெண்டு ஊர்லயும் வேலை முடியல.

ஈ கோயில்லயும் சி கோயில்லயும் மேல பதிச்சிருந்த சிற்பப் பலகைங்க அங்க இல்ல, பலேர்மோல சலீனாஸ் மியூசியத்துல இருக்கு. முந்தின நாளே போய்ப் பாத்துட்டுப் போங்க, அப்பதான் அந்த வெறும் எடத்துல என்ன இருந்துதுன்னு மனசுல ஓடும். ஈ கோயில் பலகைல ஒரு விஷயம், சிற்பம் பூரா உள்ளூர்க் கல்லு, பொம்பளைங்களோட மொகம், கை, கால் மட்டும் பாரோஸ் தீவுலேர்ந்து வரவழைச்ச வெள்ளைப் பளிங்குல தனியா செஞ்சு ஒட்டியிருப்பாங்க. பளிங்கு கட்டுப்படியாகல, ஆனா மொகம் நல்லா இருக்கணும். உள்ளூர்க் கல்லு சொரசொரப்பா, சிப்பி கலந்தது, அதனால கோயில் மேலயே சுண்ணாம்புப் பூச்சு பூசி, மேல செவப்பு, நீலம் எல்லாம் அடிச்சிருந்தாங்க. இன்னிக்கு நாம பாக்கற தேன் கலர் அவங்களுக்குப் புடிச்சிருக்கும்னு எனக்குத் தோணல, பூசாத சுவர்னு சொல்லியிருப்பாங்க.

இப்ப அப்பாவோட கேள்வி, அம்மாவோட கேள்வி, ரெண்டும் ஒண்ணுதான். கிரேக்கக் கோயில்ல சாமி சிலை உள்ளறைல இருக்கும், ஆனா ஜனங்க உள்ள கூடி கும்பிடற வழக்கம் இல்ல, பலிபீடம் வெளிய, கெழக்குப் பாத்த வாசலுக்கு முன்னாடி, தெறந்த வெளில இருக்கும், பலி, விருந்து, கூட்டம் எல்லாம் அங்கதான். அதனால வெளிய நின்னு தூணப் பாத்துட்டு வர்றோமேன்னு வருத்தப்பட ஒண்ணுமில்ல, அந்தக் காலத்துச் சாதாரண ஆளும் அந்த எடத்துலதான் நின்னிருப்பான். செஜெஸ்தா விஷயத்துல இன்னும் ஒரு படி மேல, அது சாமி போயிட்ட கோயில் இல்ல, சாமி குடி வரவே இல்லாத கோயில். குடமுழுக்கு ஆகலன்னு அப்பாகிட்ட சொல்லுங்க, புரிஞ்சுப்பார். அதனால செருப்பு விஷயத்துல அம்மாவுக்கு தோஷம் ஒண்ணும் ஒட்டாது.

கார்க்காரங்ககிட்ட பேசறப்ப மூணு விஷயம் எழுத்துல வாங்கிடுங்க: கூசா ரூட்ல இருக்கு, ஒரு எடத்துல எவ்ளோ நேரம்ங்கறது நம்ம இஷ்டம், சொன்ன ரேட்ல பார்க்கிங்கும் டிரைவர் சாப்பாடும் அடக்கம். மூணு கோயில்னு சொன்ன அதே ரேட்டக் கேப்பாங்க, தூரம் கொறையுதுன்னு பேசிப் பாருங்க, எனக்கு ஒத்து வந்துச்சு, உங்களுக்கு எப்படியோ. ஏப்ரல் நல்ல மாசம், ஆகஸ்ட்ல கேட்டிருந்தீங்கன்னா போகவே வேண்டாம்னு சொல்லியிருப்பேன், 2021 ஆகஸ்ட்ல அந்தத் தீவோட கெழக்குப் பக்கம் 48.8 டிகிரி அடிச்சுது, ஐரோப்பாலயே ரெக்கார்ட் அது. ஏப்ரல்லயும் தொப்பி வேணும், கூசாவத் தவிர எங்கயும் நெழல் கெடையாது.

ஒரு உதவி. அப்பா டேப் எடுத்துட்டு வருவாரான்னு தெரியல, ரிட்டையர் ஆன ஓவர்சியர் பையில பெரும்பாலும் இருக்கும். கூசால அந்த உருளையச் சுத்தித் தோண்டின பள்ளத்தோட அகலத்த ரெண்டு மூணு எடத்துல அளந்து எனக்கு எழுதச் சொல்லுங்க. நான் தோளால அளந்ததுதான், அதுவும் அப்பறம் ஒரு அஞ்சு கிலோ ஏறிட்டேன்.